ஐந்துக்கு ஏழு: பாலிக் புலாவ் வீட்டில் நடத்திய மலாய் நிச்சயம்

மூத்த மகளின் நிச்சயம் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் உள்ள எங்கள் வீட்டிலேயே நடந்து முடிந்தது. மண்டபம் எடுக்கவில்லை. ஏற்பாட்டுக்காரர் யாரையும் வைக்கவில்லை. சின்னவளுக்கும் ஒரு நாள் இந்த வேலை வரும். அப்போது அளவும் கணக்கும் மறந்திருக்கும் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களில் முதல்முறையாகச் செய்யப்போகிற மற்ற அம்மாக்களுக்கும் இது உதவட்டும்.

என் கணவர் மலாய்க்காரர். நான் கடையநல்லூரிலிருந்து பினாங்குக்கு வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. பிள்ளைகள் மலாய் அடாட்டில், அதாவது மரபு வழக்கில், வளர்ந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டாரும் பினாங்கின் நிலப்பகுதியில் உள்ள கெப்பாலா பத்தாஸ் ஊர் மலாய்க்காரர்கள். ஆகவே சடங்கு முழுக்க மலாய் முறைதான். என் பக்கத்திலிருந்து போனது தாளிச்சா எனும் பருப்புக் குழம்பும் மல்லிகையும் மட்டும். முன்னின்று நடத்தியவர்கள் என் கணவரின் மூத்த அண்ணன் பாக் லோங்கும் அவர் மனைவி மக் லோங்கும்.

முதலில் பேச்சு

மெரிசிக், பெர்த்துனாங் எனும் நிச்சயம், நிக்காஹ் எனும் திருமண ஒப்பந்தம் என்று மூன்று படி. மெரிசிக் என்பது முறையாகப் பெண் கேட்பதற்கு முந்தைய விசாரிப்பு. பையனின் தாயும் பெரியம்மாவும் இன்னும் ஓரிருவரும் சத்தமில்லாமல் வந்து, பெண்ணை யாருக்காவது பேசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுப் போவார்கள். இந்தக் காலத்தில் பிள்ளைகளே முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டில் சொல்கிறார்கள். இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். வந்தவர்கள் கல் இல்லாத மெல்லிய மோதிரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது அடையாள மோதிரம். நிச்சயத்தன்று போடுவது வேறு.

அதன் பிறகு உடனே சீர்த்தட்டு வாங்கவும் துணி பார்க்கவும் கிளம்பிவிடத்தான் கை துறுதுறுக்கும். மக் லோங் விடவில்லை. "முதலில் பேச்சை முடி, தட்டு எங்கும் ஓடிப்போகாது" என்றார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு மாலை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசினார்கள். நிச்சயத்தன்று சபையில் கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அன்றைக்கே தயாராகிவிட்டது. இந்த நிகழ்ச்சி நன்றாக நடந்ததற்குக் காரணம் அந்த ஒரு மாலைதான். பூவும் மேடையும் எவ்வளவு அழகாக இருந்தாலும், சபையில் ஒரு தொகையைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் அவ்வளவும் வீண்.

பேசியதை ஒரே தாளில் எழுதிக்கொண்டோம். முதலாவது மாஸ் காவின், அதாவது பெண்ணுக்குப் பையன் கட்டாயம் கொடுக்க வேண்டிய மஹர். மலேசியாவில் பல மாநிலங்கள் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கின்றன. நீண்ட காலமாகப் பினாங்கில் 24 ரிங்கிட், ஜொகூரில் 22 ரிங்கிட் 50 காசு என்று இருந்தது. இதில் பேரம் கிடையாது, விரும்பினால் பையன் கூடக் கொடுக்கலாம். இரண்டாவது வாங் ஹந்தாரான். இது மார்க்கம் விதித்ததல்ல, வழக்கம். பையன் வீட்டார் கல்யாணச் செலவுக்கென்று பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பணம். குடும்பங்கள் கசந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெண்ணின் படிப்பை வைத்து விலை ஏற்றுகிற பழக்கம் எனக்கும் என் கணவருக்கும் அறவே பிடிக்காது. "உங்களால் கடன் வாங்காமல் எவ்வளவு முடியுமோ அதைச் சொல்லுங்கள்" என்று அவர் நேராகவே கேட்டார். அவர்கள் சொன்ன தொகையை அப்படியே எழுதிக்கொண்டோம்.

மூன்றாவது தட்டுகளின் எண்ணிக்கை. ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். பெண் வீடு இரண்டு கூடுதலாகத் திருப்பித் தருவது வழக்கம். அவர்கள் ஐந்து, நாங்கள் ஏழு என்று முடிவானது. நான்காவது நிச்சயத்துக்கும் நிக்காஹுக்கும் இடைவெளி. ஓராண்டு என்று வைத்தோம். அதற்குள் இருவரும் திருமணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், எச்ஐவி பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டும் இல்லாமல் நிக்காஹ் விண்ணப்பம் நகராது.

ஐந்தாவது, நிச்சயம் முறிந்தால் என்ன என்பது. பழைய அடாட்டில் பையன் பக்கம் முறித்தால் கொடுத்த மோதிரமும் பொருளும் போனது போனதுதான். பெண் பக்கம் முறித்தால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். சட்டம் இரு தரப்புக்கும் பொதுவாகப் பேசுகிறது. கூட்டரசுப் பிரதேசத்தின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றி மறுப்பவர் நிச்சயப் பரிசுகளை அல்லது அவற்றின் மதிப்பைத் திருப்பித் தர வேண்டும், மற்றவர் நல்லெண்ணத்தில் செய்த கல்யாணச் செலவையும் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. பினாங்கின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது உண்டு. மங்கலமான நேரத்தில் முறிவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று என் அம்மாவுக்கு மனசே ஒப்பவில்லை. பாக் லோங் பொறுமையாகச் சொன்னார்: "இப்போது அன்பாகப் பேசாவிட்டால், பிறகு கோபத்தில் பேச வேண்டியிருக்கும் மாக் சிக் (அத்தை)." அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தட்டுகள்

தட்டுக்கு மலாயில் டூலாங். கால் வைத்த பித்தளைத் தட்டுகள் மக் லோங்கிடம் நான்கு இருந்தன. மீதி மூன்றுக்கு அதே உயரத்தில் தங்கநிறக் கம்பித் தட்டுகள் வாங்கினேன், ஒன்று 22 ரிங்கிட். விட்டம் 30 செ.மீ. 35 செ.மீ. தட்டு பார்க்க எடுப்பாக இருந்தாலும் நிரப்புவதற்கு அரை மடங்கு பூ கூடுதலாக வேண்டும். தூக்கி வரும் பெண்ணால் வாசற்படியில் காலைப் பார்த்து நடக்கவும் முடியாது.

எங்கள் ஏழில் வைத்தவை: சீரே ஜுன்ஜோங் எனும் வெற்றிலைக் கோபுரம், மாப்பிள்ளைக்குப் பாஜு மெலாயு எனும் மலாய் உடைக்கான துணியும் அதன்மேல் இடுப்பில் கட்டும் சாம்பிங்கும், தொழுகைப் பாய், வாசனைத் திரவியம், கேக், பஹுலு எனும் சிறு முட்டைக் கேக், பழங்கள். அவர்கள் கொண்டுவந்த ஐந்தில் வெற்றிலை, மோதிரம், புடவைத்துணி போல மடித்த ஒரு ஜோடித் துணி, கைப்பையும் காலணியும், பழங்கள்.

பழத்தட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திராட்சை, ஆப்பிள், மாதுளை என்று அடுக்கிக்கொண்டே போனேன். தூக்கிப் பார்த்தால் நான்கு கிலோவுக்கு மேல். கம்பித் தட்டின் கால் ஒரு பக்கம் சாய்ந்தது. அடியில் பழத்துக்குப் பதிலாகச் சுருட்டிய காகிதமும் அதன்மேல் துணியும் வைத்து, மேல் வரிசை மட்டும் பழமாக வைத்தபோது இரண்டு கிலோவுக்குள் வந்தது. பழத்தின்மேல் பசை படவே கூடாது. ஈர்க்குச்சியால் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் நிற்கும், பிறகு சாப்பிடவும் முடியும்.

வெற்றிலைக் கோபுரம்

எல்லாத் தட்டுக்கும் தலைத் தட்டு இதுதான். ஊர்வலத்தில் முதலில் வருவது, சபையில் நடுவில் இருப்பது. கடையில் செய்து வாங்கினால் 150 ரிங்கிட்டுக்குக் குறையாது. நாங்கள் வீட்டிலேயே செய்தோம். அதிக நேரம் எடுத்த வேலையும் இதுதான்.

தேவைப்பட்டவை: 30 செ.மீ. உயரமுள்ள வெள்ளை நுரைக்கூம்பு, நடுத்தர அளவில் 120 வெற்றிலை, முத்துத் தலை குண்டூசி இரண்டு பெட்டி, பச்சை சாட்டின் ரிப்பன், நுனிக்கு ஒரு கொத்துப் பூ. வெற்றிலையைச் சௌராஸ்தா சந்தைப் பக்கம் ஒரு தமிழர் கடையில் சொல்லி வைத்து வாங்கினேன். கிழிசலும் புள்ளியும் கழியும் என்பதால் 180 இலை. "கல்யாணத்துக்கா, காம்பு நீளமா வெட்டித் தர்றேன்" என்று அவரே கேட்டுச் செய்தார். நீளக் காம்பு இருந்தால் ஊசி குத்த இடம் கிடைக்கும்.

இலையின் இரு ஓரங்களையும் பின்பக்கமாக மடித்து, நுனி கூராக மேலே நிற்கும்படி செய்ய வேண்டும். அடிப்பாகத்தில் ஊசி. நான் கூம்பின் அடியிலிருந்து வரிசை வரிசையாக மேலே ஏறினேன். மூன்று வரிசை முடிந்ததும் பார்த்தால் ஊசியெல்லாம் வெளியே தெரிகிறது, கீழ் வரிசையின் நுனியெல்லாம் மேல் வரிசைக்கு அடியில் மறைந்துவிட்டது. நுனி மேல்நோக்கி இருந்தால் உச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்போது அடுத்த வரிசையின் நுனி, முந்தைய வரிசையின் ஊசியை மூடிக்கொண்டே வரும். கடைசி வரிசையின் ஊசியை ரிப்பன் மறைத்துவிடும். முழுவதையும் பிரித்துத் திரும்பச் செய்தோம்.

பசைத் துப்பாக்கி வேண்டாம். சூடு பட்ட இடம் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. பளபளப்புக்கு எண்ணெய் தடவச் சொன்னார்கள் சிலர். ஒரு இலையில் தடவிப் பார்த்தேன், தட்டில் விரித்த சாட்டினில் கறை ஏறியது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

வாடாமல் வைப்பதுதான் பெரிய பாடு. சோதனைக்காகச் செய்த சிறு கோபுரத்தைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். காலையில் ஓரமெல்லாம் கருநீலமாகிக் கண்ணாடி போல் ஆகியிருந்தது. உண்மையான கோபுரத்தைக் குளிர்பெட்டியில் வைக்கவில்லை. நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் மூடி, அதன்மேல் வாழையிலையைச் சுற்றி, வீட்டிலேயே குளிர்ந்த இடமான குளியலறைத் தரையில் வைத்தோம். இரவு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை தண்ணீர் தெளித்தோம். மறுநாள் மதியம் வரை ஒரு இலைகூடத் துவளவில்லை.

தெப்பாக் சீரே

கோபுரம் கண்ணுக்கு, தெப்பாக் பேச்சுக்கு. தெப்பாக் என்பது வெற்றிலைப் பெட்டி. மக் லோங்கின் தாய் வழி வந்த, சிவப்பு வெல்வெட் போர்த்திய மரப்பெட்டி எங்களுக்குக் கிடைத்தது. உள்ளே செம்புல் எனும் சிறு கிண்ணங்கள் நான்கு: பாக்கு, சுண்ணாம்பு, காம்பிர், புகையிலை. காம்பிர் நம் காசுக்கட்டி போலத் துவர்ப்பான பழுப்புத் துண்டு. பக்கத்தில் காச்சிப் எனும் பாக்குவெட்டி. வெற்றிலையைச் சம அளவில் பொறுக்கித் துடைத்து, ஒற்றைப்படை அடுக்குகளாக மடித்து வரிசையாக வைக்க வேண்டும். இந்த வேலையை மக் லோங் யாரிடமும் கொடுக்கவில்லை. நான் துடைத்துக் கொடுத்தேன், அவர் அடுக்கினார்.

சுண்ணாம்பு காய்ந்து விரிசல் விடும். வைக்கும் முன் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கிண்ணத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் வட்டம் போட்டோம், வெல்வெட்டில் பட்டால் போகாது. பெட்டியின் தலைப்பக்கம் விருந்தாளியைப் பார்த்து இருக்க வேண்டும் என்று பாக் லோங் பலமுறை சொன்னார். எது தலைப்பக்கம் என்று தடுமாறாமல் இருக்க, அடியில் ஒரு சிறு நூலைக் கட்டி வைத்தேன்.

புங்ஙா ராம்பாய்

வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வாசனைப் பொட்டலம் இது. பாண்டான் எனும் ரம்பை இலையை நூல்போல நறுக்கி, ரோஜா இதழ், மல்லிகை, வாசனையுள்ள கெனாங்கா பூ சேர்த்துப் பன்னீர் தெளித்துக் கட்டுவது. இப்போது பலரும் இதை விட்டுவிட்டு சாக்லேட் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதை விட மனமில்லை. மலாய் வீட்டுக் கல்யாண வாசனை என்றாலே எனக்கு இதுதான்.

80 பொட்டலத்துக்குக் கொல்லையிலிருந்து நாற்பது நீள இலை வெட்டினோம். நடு நரம்பை நீக்கி, நான்கைந்து இலையை ஒன்றாகச் சுருட்டி இறுக்கிப் பிடித்து, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சீவ வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் இலை நசுங்கி ஈரம் கசியும், காலைக்குள் புளித்த வாடை வரும். பாதி நறுக்கிய பிறகு கத்தியைத் தீட்டி, மீதியை நறுக்கியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. நறுக்கியதைச் செய்தித்தாளில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் ஆறவிட்டோம்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மல்லிகை வாங்கும்போது உதிரிப் பூவாகக் கேட்க வேண்டும். தொடுத்த சரத்தைப் பிரித்தால் பாதி இதழ் நூலோடு போய்விடும். பூவை இரவே கலந்தால் பழுப்பேறும். பாண்டானை மட்டும் முந்தைய இரவு தயாராக வைத்து, பூவை அன்று காலையில்தான் கலந்தோம். அம்மாவும் என் நாத்தனார்களும் சேர்ந்து வலைத்துணிப் பொட்டலம் கட்டினார்கள். அம்மாவுக்கு மலாய் சரளமாக வரும், ஆனால் பூ கட்டும்போது தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

மேடையும் பந்தலும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் 8க்கு 8 அடியில் பிவிசி குழாய்ச் சட்டம், வெள்ளைத் துணி, ஓரத்தில் பொய்ப்பூ, முன்னால் ஒரு நாற்காலி. ஒரு அங்குலக் குழாய் 8 அடி அகலத்தில் நடுவில் தொய்கிறது, நடுக்கால் ஒன்று கொடுத்தால் நிற்கும். நின்ற விசிறியைப் போட்டதும் சட்டம் முன்னால் சாய்ந்தது. ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கை அடியில் கட்டித் துணியால் மறைத்தோம். வெளியே 20க்கு 20 அடிப் பந்தல் இரண்டு, மேசை நாற்காலியோடு வாடகை.

சமையல்

எண்பது பேர். ரேவாங் முறையில் அண்டை வீட்டார் வந்து கூடி நின்று சமைத்தார்கள். நாசி மிஞ்ஞாக், ஆயாம் மாசாக் மேரா எனும் சிவப்புக் கோழிக்கறி, தாளிச்சா, அன்னாசி வெள்ளரி ஆச்சார், சிராப் தண்ணீர். வேறு எதுவும் சேர்க்கவில்லை. நான்கு வகை நன்றாக இருந்தால் போதும்.

நாசி மிஞ்ஞாக் நம் நெய்ச்சோற்றுக்குப் பக்கத்து வீடு. பாஸ்மதி 10 கிலோ, நெய் ஒன்றரை கிலோ, இனிப்பில்லாத டின் பால் ஆறு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை, பிறகு 'நான்கு உடன்பிறப்பு' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பட்டை, கிராம்பு, ஏலம், நட்சத்திரப் பூ. முப்பது நிமிடம் ஊறிய அரிசிக்கு, பாலையும் சேர்த்து ஒன்றுக்கு ஒன்றரை தண்ணீர். 10 கிலோவையும் ஒரே பெரிய கவா சட்டியில் போட வேண்டாம் என்று பக்கத்து வீட்டு மக் தே பிடிவாதமாகச் சொன்னார். ஐந்தைந்து கிலோவாக இரண்டு பானையில் வடித்தோம். அடியும் பிடிக்கவில்லை, மேலும் குழையவில்லை. அவர் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

கோழி பத்து, ஒவ்வொன்றும் பன்னிரண்டு துண்டு. மஞ்சளும் உப்பும் தடவி முக்கால் பதத்துக்குப் பொரித்து எடுத்தோம். காய்ந்த மிளகாய் 700 கிராம், விதை நீக்கி வேகவைத்து அரைத்தது. எண்ணெய் பிரிந்து மிளகாயின் பச்சை வாடை முழுக்கப் போன பிறகுதான் தக்காளிச் சாறு சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் வயிறு எரியும். கோழியைக் கடைசியில் சேர்த்துப் புரட்டி, மேலே பச்சைப் பட்டாணி.

தாளிச்சா என் பொறுப்பு. இரண்டு கிலோ பருப்பு, ஐந்து கிலோ ஆட்டெலும்பு, முருங்கைக்காய், கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, புளி. அத்தா வீட்டில் போடுகிற மாங்காயும் சேர்த்தேன். பினாங்கு மலாய் வீடுகளில் நாசி மிஞ்ஞாக் இருந்தால் பக்கத்தில் இதுவும் இருக்கும். எங்கள் ஆட்கள் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த குழம்பு, இப்போது எல்லோருடையதும் ஆகிவிட்டது. முருங்கைக்காயைப் பருப்போடு சேர்த்துப் போட்டால் நார் நாராகப் பிரிந்துவிடும், இறக்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன் போட்டால் சரியாக இருக்கும்.

அன்று

மாப்பிள்ளை வீட்டார் பாலம் தாண்டி, துன் சார்டோன் மலைச்சாலை வழியாக வந்தார்கள். வளைவுக்கு வளைவு தட்டுகள் ஆடும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு தட்டையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். ஒன்றுகூடக் கலையவில்லை. திரும்பிப் போகும் எங்கள் தட்டுகளுக்கும் அதே பெட்டிகளைப் பயன்படுத்தினோம்.

தட்டுகள் வரிசையாக உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் எங்கள் ஏழுக்கு எதிரே வைக்கப்பட்டன. பெரியவர்கள் பாயில் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார், ஆனால் வெளியே பந்தலில்தான் இருந்தார். அவருக்கு இங்கே வேலை இல்லை, பேசுவது பெரியவர்கள். சூரா ஃபாத்திஹாவும் ஸலவாத்தும் ஓதித் தொடங்கியது. அவர்கள் பக்கத்து வக்கீலாக, அதாவது சார்பில் பேசுபவராக, மாப்பிள்ளையின் பெரியவர் பாக் ஙா, எங்கள் பக்கம் பாக் லோங். தெப்பாக்கை அவர்கள் முன்னால் நகர்த்தினார்கள். பாக் லோங் ஏற்றுக்கொண்டு எங்கள் தெப்பாக்கைப் பதிலுக்கு நகர்த்தினார்.

பிறகு பந்துன் எனும் மலாய்க் கவிதை. நான்கு அடி, முதல் இரண்டு அடி காட்சி, அடுத்த இரண்டு அடி செய்தி, ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் ஈற்றில் ஒலி ஒத்துப்போக வேண்டும். 2020இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் பதிந்த கலை. புத்தகத்தில் இருந்து எடுத்துப் படிக்கக் கூடாது, நம் ஊர் வர வேண்டும் என்று பாக் லோங் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கட்டியது இது:

ஜெரோக் பாலா டாரி பாலிக் புலாவ்,
டிபெலி ஓராங் டி தெப்பி ஜாலான்;
காலாவ் ஹாத்தி சூடா தெர்ப்புக்காவ்,
எலோக்லா கீத்தா சத்துக்கான் ஹாலுவான்.

பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறுகாய், வழியோரம் ஆட்கள் வாங்கிப் போவது. மனங்கள் ஏற்கனவே மயங்கிவிட்டன என்றால், நாம் பாதையை ஒன்றாக்கிக்கொள்வதே நல்லது. இதைச் சொன்னதும் எதிர்ப்பக்கத்துப் பெரியவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. இங்கே வீட்டுக்கு வீடு ஜாதிக்காய் மரம் உண்டு என்பது அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் தோட்டத்தில் ஒரு மலர் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதற்குச் சொந்தக்காரர் உண்டா என்று அவர்கள் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். பாக் லோங் இல்லை என்றார். பிறகு தாளில் இருந்த ஐந்தும் ஒவ்வொன்றாகச் சபையில் சொல்லப்பட்டு, இரு பக்கமும் சம்மதம் சொன்னது. முறிவு நிபந்தனையைப் படித்தபோது கூடம் அமைதியானது. முடித்ததும் பாக் ஙாவே முதலில் "செத்துஜு", அதாவது சம்மதம், என்றார்.

மகளை மேடை நாற்காலியில் உட்கார வைத்து, மாப்பிள்ளையின் தாய் மோதிரம் போட்டார். மகள் அவர் கையில் முத்தமிட, அவர் அணைத்து நெற்றியில் முத்தமிட்டார். மோதிர அளவை முன்பே நகைக்கடையில் வளையம் போட்டுப் பார்த்திருந்தோம். காலையில் பார்த்த அளவைவிட மதியம் பார்த்த அளவு ஒரு படி கூடியிருந்தது. வெயிலில் விரல் உப்பும். நிகழ்ச்சி நடக்கிற நேரத்தில் எடுத்த அளவையே கொடுத்தோம், தடையில்லாமல் இறங்கியது. கடைசியில் துஆ எனும் பிரார்த்தனை, பிறகு சாப்பாடு. பாயில் உட்கார்ந்ததிலிருந்து துஆ வரை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கணக்கு

சமையல் சாமான் 1,480 ரிங்கிட். பந்தல், மேசை, நாற்காலி, விசிறி 560. தட்டு, ரிப்பன், நுரைக்கூம்பு, துணி 310. ஏழு தட்டில் வைத்த பொருள்கள் 870. வெற்றிலையும் பூவும் 190. மேடை 240. மகளின் கெபாயா எனும் மலாய் உடைக்குத் துணியும் தையலும் 350. பொட்டலத்தோடு கொடுத்த சிறு பலகாரப் பெட்டிகள் 200. மொத்தம் 4,200. மோதிரமும் அவர்கள் தட்டுகளும் அவர்கள் செலவு. நிச்சயம் அடக்கமாகவும் நிக்காஹ் ஊரறியவும் இருக்கட்டும் என்பது பெரியவர்கள் வாக்கு, அதனால் எண்பது பேருக்கு மேல் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம்.

அடுத்த முறை

மேடைக்குச் செலவிட்ட 240ஐ அப்படியே விட்டுவிடுவேன். சட்டம் வேண்டாம், கூடத்துச் சன்னலுக்கு முன்னால் நல்ல நாற்காலியும் இரு பக்கமும் பூச்சாடியும் போதும். மேடையில் நாற்காலி இருந்ததால் மகள் மேலேயும், சபை கீழே பாயிலும் ஆனது. மாப்பிள்ளையின் தாய் முழங்கால் வலியோடு எழுந்து குனிந்து மோதிரம் போட வேண்டி வந்தது. இளையவளைப் பாயிலேயே பட்டு மெத்தையில் உட்கார வைப்போம், அவள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தே போடட்டும்.

அன்னாசி ஆச்சாரைப் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்தான் கலக்க வேண்டும். காலையிலேயே கலந்ததால் தண்ணீர் விட்டுவிட்டது. கோழி இரண்டு கூட வாங்க வேண்டும். சமைத்தவர்களுக்குக் கொடுத்தனுப்பச் சோறு இருந்தது, கோழி இல்லை. பந்துன் சொல்லும்போது வெளியே குழந்தைகள் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. சிறு ஒலிபெருக்கி ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

ஐந்து விஷயங்கள் எழுதிய தாளில் இந்த முறை பாக் லோங் மட்டுமே கையெழுத்திட்டார். அடுத்த முறை இரண்டு பிரதிகள், இரு வக்கீல்களும் கையெழுத்து, வீட்டுக்கு ஒன்று. நுரைக்கூம்பைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். குண்டூசிகளில் துருப்பிடித்தவற்றைக் கழித்துவிட்டேன், ஒரு பெட்டி புதிதாக வாங்க வேண்டும்.